மிதக்கும் மேடை அலையில் எவ்வளவு ஆடும்? கணினி காட்டும் உச்சியை எப்படிப் புரிந்துகொள்வது?

கேள்வி, சுருக்கமாக: "திருநெல்வேலியில் மெக்கானிக்கல் இறுதியாண்டு படிக்கிறேன். சொந்த ஊர் உவரிப் பக்கம். எங்கள் கடலில் ஒரு மிதக்கும் காற்றாலையை நிறுத்தினால் அலையிலும் நீரோட்டத்திலும் அது எப்படி அசையும் என்பதுதான் புராஜெக்ட். இலவச மென்பொருள் ஒன்றில் மேடையின் வடிவத்தைக் கொடுத்து ஓட்டினேன். ஓர் இடத்தில், ஒரு மீட்டர் அலைக்கு மேடை ஒன்பது மீட்டர் ஏறி இறங்குகிறது என்று காட்டுகிறது. மெஷ் தப்பா? நீரோட்டத்தை எங்கே சேர்ப்பது? எதிலிருந்து தொடங்குவது?"

பதில்:

தம்பி, உங்கள் மெஷ் சரியாகவே இருந்தாலும் அந்த ஒன்பது மீட்டர் வரும். நீங்கள் ஓட்டியது நெமோ, கேப்பிடெய்ன் மாதிரியான பேனல் முறை மென்பொருளாக இருக்க வேண்டும்; மேடையின் மேற்பரப்பைச் சிறுசிறு பேனல்களாக, அதாவது மெஷ்ஷாகப் பிரித்துக் கணக்கிடும் முறை அது. தண்ணீருக்குப் பாகுத்தன்மையே கிடையாது, சுழிப்பே வராது என்று வைத்துக்கொண்டுதான் அவை கணக்குப் போடுகின்றன. அதனால் பல இடங்களில் அருமையான விடை கிடைக்கும். ஒரே ஓர் இடத்தில் மட்டும் நம்ப முடியாத விடை வரும். நீங்கள் பார்த்தது அந்த இடத்தை.

அது ஏன் என்று கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், மற்றதெல்லாம் இதிலிருந்துதான் கிளைக்கிறது. மிதவைமேல் விழும் விசையை இந்த முறை மூன்றாகப் பிரிக்கும். மிதவையே அங்கு இல்லை என்பதுபோல அலை கடந்துபோனால் அந்த இடத்தில் அழுத்தம் எவ்வளவு இருக்கும் என்பது முதல் பங்கு. இதற்கு ஃப்ரூட்-கிரைலோவ் விசை என்று பெயர். மிதவை அசையாமல் நின்று அலையைச் சிதறடிப்பதால் வருவது இரண்டாவது, டிஃப்ராக்ஷன். அலையே இல்லாத நீரில் மிதவை தானாக ஆடினால் தண்ணீர் காட்டும் எதிர்ப்பு மூன்றாவது, ரேடியேஷன். இந்த மூன்றாவதற்குள் இரண்டு சங்கதி இருக்கிறது. மிதவையோடு சேர்ந்து சுற்றியுள்ள நீரும் அசைய வேண்டியிருப்பதால் மிதவை தன் எடையைவிடக் கனமானதுபோல நடந்துகொள்ளும். அது கூடுதல் நிறை. ஆடும் மிதவை சுற்றிலும் சிற்றலைகளைக் கிளப்பும், அவை ஆற்றலைத் தூக்கிக்கொண்டு போகும்; அது அலைத் தணிப்பு, அதாவது டேம்பிங்.

பேனல் மென்பொருளுக்குத் தெரிந்த ஒரே தணிப்பு இந்த அலைத் தணிப்புதான். சிக்கல் இங்கேதான். காற்றாலை மேடைகளை வேண்டுமென்றே அலை அதிகம் தள்ளாத வடிவத்தில் செய்கிறோம்: நீர்மட்டத்தில் ஒல்லியாக, கனமெல்லாம் ஆழத்தில். ஹாஸ்கிண்ட் 1957-இல் காட்டிய ஓர் உறவு உண்டு. அதன்படி, அலை ஒரு பொருளைத் தள்ளச் சிரமப்பட்டால், அந்தப் பொருளும் ஆடி அலையெழுப்பச் சிரமப்படும். தணிப்பு, தள்ளும் விசையின் வர்க்கத்துக்கு நேர்விகிதம். விசை பத்தில் ஒன்றாகக் குறைந்தால் அலைத் தணிப்பு நூறில் ஒன்றாகக் குறையும். விசையைக் குறைத்து நல்ல மேடை செய்த புண்ணியத்துக்கு, கணக்கில் தணிப்பு அதைவிட வேகமாகக் காணாமல் போகிறது. அந்த நேரம் பார்த்து மேடையின் இயல்பு அலைவுக்காலத்திலேயே அலையும் வந்தால், ஊஞ்சலைச் சரியான நேரத்தில் தட்டிக்கொண்டே இருப்பதுபோல வீச்சு ஏறிக்கொண்டே போகும். நிஜக் கடலில் தூண்களின் ஓரத்திலும் அடித்தட்டின் விளிம்பிலும் நீர் சுழித்து ஆற்றலைத் தின்றுவிடும். உங்கள் மென்பொருளில் அதைத் தின்ன ஆளே இல்லை.

ஆகவே, மிதவைக் கணக்கில் விசையைக் கண்டுபிடிப்பது ஓரளவு தீர்ந்துபோன வேலை. ஆட்டம் எதனால் அடங்குகிறது என்பதைக் கண்டுபிடிப்பதுதான் தீராத வேலை. உங்கள் புராஜெக்டில் நேரத்தை அங்கே செலவழியுங்கள் என்பதுதான் நான் சொல்ல வந்தது.

மென்பொருளைத் திறப்பதற்கு முன்னால் கையால் ஒரு கணக்குப் போடுங்கள். நிமிர்ந்து மிதக்கும் உருளை ஒன்றை எடுத்துக்கொண்டால், அதை ஒரு மீட்டர் அமுக்க வேண்டிய விசை நீர்மட்டத்தில் உள்ள பரப்பைப் பொறுத்தது. அதன் எடை, மூழ்கிய ஆழத்தைப் பொறுத்தது. இரண்டையும் வகுத்தால் விட்டம் அடிபட்டுப் போய்விடும். மூழ்கிய ஆழத்தை 9.81-ஆல் வகுத்து, வர்க்கமூலம் எடுத்து, 6.28-ஆல் பெருக்கினால் ஏறி இறங்கும் அலைவுக்காலம் விநாடியில் வரும். 2 மீட்டர் மூழ்கினால் 2.8 விநாடி, 20 மீட்டர் மூழ்கினால் 9 விநாடி, 120 மீட்டர் மூழ்கினால் 22 விநாடி. ஆராய்ச்சியாளர்கள் ஒப்பிடப் பயன்படுத்தும் ஹைவிண்ட் ஸ்பார் (ஒற்றைத் தூண் மிதவை) மாதிரி 120 மீட்டர் மூழ்குகிறது. ஆனால் அதன் ஹீவ், அதாவது ஏறி இறங்கும் ஆட்டத்தின் அலைவுக்காலம் 30 விநாடிக்குச் சற்று மேல். கூடுதல் எங்கிருந்து வந்தது? கீழே 9.4 மீட்டர் விட்டமுள்ள தூண், நீர்மட்டத்தில் 6.5 மீட்டராக ஒடுங்குகிறது. எடை அப்படியே இருக்கிறது, திருப்பித் தூக்கும் விசை பாதிக்கும் கீழே குறைந்துவிட்டது. கடலில் சாதாரணமாக வரும் எந்த அலையும் அந்த 30 விநாடியைத் தொடாது. அந்த இடுப்பு ஒடுங்கியதற்குக் காரணம் இதுதான்.

மூன்று தூண் வைத்த செமி-சப் மேடை வேறு வழியில் போகிறது. அமெரிக்க ஆய்வகத்தின் 5 மெகாவாட் மாதிரிக் காற்றாலையைத் தாங்கும் டீப்சிவிண்ட் மேடை 20 மீட்டர்தான் மூழ்குகிறது. ஆனால் தூண்களின் அடியில் அகலமான தட்டுகள் இருப்பதால் கூடுதல் நிறை ஏறி, ஹீவ் அலைவுக்காலம் 17.5 விநாடியை ஒட்டி வருகிறது. இந்த 17.5 என்ற எண்ணை நினைவில் வையுங்கள், நம் கடலைப் பற்றிச் சொல்லும்போது தேவைப்படும்.

கூடுதல் நிறையையும் தணிப்பையும் புத்தகத்தில் படிப்பதைவிட ஒரு பிளாஸ்டிக் டிரம்மில் பார்த்துவிடலாம். 200 லிட்டர் நீல டிரம் ஒன்றை எடுங்கள். விட்டம் சுமார் 58 சென்டிமீட்டர். அடியில் மணல் போட்டு, டிரம்மோடு மொத்தம் 100 கிலோ வரும்படி வையுங்கள். மூடியை இறுக்கி ஊர்க் குளத்திலோ பெரிய தொட்டியிலோ, நீச்சல் தெரிந்த இரண்டு பேரைக் கூட வைத்துக்கொண்டு விடுங்கள். டிரம் நிமிர்ந்து, 38 சென்டிமீட்டர் மூழ்கி நிற்கும். மேலே சொன்ன கணக்குப்படி ஏறி இறங்க 1.24 விநாடி ஆக வேண்டும். அமுக்கிவிட்டு விடுங்கள், அது 1.4 விநாடியை ஒட்டி ஆடும். டிரம்மின் தட்டையான அடிப்பாகம் தன்னோடு ஏறத்தாழ 32 கிலோ நீரையும் சேர்த்து ஆட்டுவதே காரணம். வட்டத்தட்டுக்கு உள்ள சூத்திரம் இது: ஆரத்தின் கனத்தை நீரின் அடர்த்தியாலும் மூன்றில் நான்காலும் பெருக்க வேண்டும். இப்போது 90 சென்டிமீட்டர் அகலமுள்ள பிளைவுட் வட்டம் ஒன்றை டிரம்முக்கு அடியில் திருகி மறுபடி விடுங்கள். எடை ஏறக்குறைய அதேதான், அலைவுக்காலம் மட்டும் 2 விநாடியைத் தொட்டுவிடும். செமி-சப் மேடையின் அடித்தட்டு செய்யும் வேலை அப்படியே கண்முன் தெரியும்.

தணிப்பை அளக்க, கைப்பேசியைத் தண்ணீர் புகாத உறையில் போட்டு மூடியின் நடுவில் ஒட்டிவிடுங்கள். ஃபைஃபாக்ஸ் என்ற இலவசச் செயலி முடுக்கத்தைப் பதிவு செய்யும். அடுத்தடுத்த உச்சிகளின் விகிதத்துக்கு இயல் மடக்கை (ln) எடுத்து 6.28-ஆல் வகுத்தால் தணிப்பு விகிதம். ஓர் உச்சி 10, அடுத்த உச்சி 7 என்றால் விடை ஏறத்தாழ 5.7 சதவீதம். இதை முதல் இரண்டு உச்சிகளுக்கு மட்டும் போட்டுவிட்டு நிறுத்திவிடாதீர்கள். ஆட்டம் பெரிதாக இருக்கும்போது ஒரு மதிப்பும், சிறிதாகும்போது அதைவிடக் குறைந்த மதிப்பும் வரும், தட்டு கட்டிய டிரம்மில் அது நன்றாகவே தெரியும். சுழிப்பால் வரும் எதிர்ப்பு வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது என்பதால் இப்படி. இதன் விளைவு பெரிது. உச்சிக்கு அருகில் "ஒரு மீட்டர் அலைக்கு இவ்வளவு" என்ற கணக்கே செல்லாது. அலை இரட்டிப்பானால் ஆட்டம் இரட்டிப்பாகாது, குறைவாகவே ஏறும். எந்த அலை உயரத்துக்கு என்று சொல்லாமல் தணிப்புக்கு ஒரே எண்ணைக் கொடுக்கும் அறிக்கையைக் கண்டால் எனக்குச் சந்தேகம் வரும்.

டிரம்மில் கிடைத்த சதவீதத்தை அப்படியே 10 மீட்டர் தூணுக்குப் போட்டுவிடக் கூடாது, அதையும் சொல்லிவிடுகிறேன். ஆட்டத்தின் வீச்சுக்கும் தட்டின் அகலத்துக்கும் உள்ள விகிதம், தட்டைச் சுற்றி நீர் ஓடும் தன்மை இரண்டுமே அளவுக்குத் தக்க மாறும். அலைத்தொட்டியில் 50-இல் ஒன்றாகச் சுருக்கிய மாதிரியை ஓட்டும்போதுகூட இதே தொல்லை உண்டு. ஈர்ப்பு விசையைச் சரியாக அளவுகுறைக்க, நேரம் ஏழில் ஒன்றாகச் சுருங்கும். ஆனால் பாகுத்தன்மையைக் காட்டும் ரெய்னால்ட்ஸ் எண் 350 மடங்குக்கும் மேல் குறைந்துவிடும். இரண்டையும் ஒரே தொட்டியில், அதே தண்ணீரில் சரிசெய்ய வழியில்லை. இருந்தாலும் வெளியான தொட்டிச் சோதனை மதிப்புகள்தான் நமக்குக் கிடைக்கும் நல்ல தொடக்கம். உங்கள் மேடை வடிவம் டீப்சிவிண்டுக்கு நெருக்கம் என்றால் அதன் சோதனை விவரங்கள் வெளிப்படையாகக் கிடைக்கின்றன. தனி வடிவம் என்றால், சென்னை ஐஐடியின் கடல் பொறியியல் துறையில் அலைத்தொட்டி இருக்கிறது. உங்கள் பேராசிரியர் மூலமாக எழுதிக் கேட்டுப் பார்ப்பதில் தவறில்லை.

இனி நம் கடல். எந்த அலைவுக்காலத்தில் கடலுக்கு எவ்வளவு ஆற்றல் என்று காட்டும் வரைபடம்தான் நிறமாலை. மாணவர்கள் பலரும் மென்பொருளில் முதலில் கண்ணில்படும் ஜான்ஸ்வாப் நிறமாலையைப் போட்டுவிடுகிறார்கள். அது வட கடலில் அளந்து 1973-இல் வெளியானது. கரையிலிருந்து வீசும் காற்று குறிப்பிட்ட தூரத்துக்குள் எழுப்பும் அலைக்கு அது பொருத்தம். ஒரே ஒரு கூர்மையான உச்சி இருக்கும். கூடுதாழையிலிருந்து கூட்டப்புளி வரை உள்ள நம் கரையின் முன்னால் கிடக்கும் கடல் அப்படிப்பட்டதல்ல. தெற்கே அண்டார்டிகா வரை நடுவில் பெரிய நிலப்பரப்பே இல்லை. தென் இந்தியப் பெருங்கடலில் எங்கோ அடித்த புயலின் அலைகள் பல ஆயிரம் கிலோமீட்டர் கடந்து, இங்கே காற்றே இல்லாத நாளிலும் வந்து சேரும். கரையோரத்தில் இதைக் கள்ளக்கடல் என்கிறோம், ஹைதராபாத்தில் உள்ள இன்காய்ஸ் நிறுவனம் இதற்கு எச்சரிக்கை கொடுக்கிறது. உயரம் ஒரு மீட்டர் அளவில்தான் இருக்கும், பார்த்தால் பயமே வராது. ஆனால் அலைவுக்காலம் 15 விநாடிக்கு மேல், சில வேளை 20 விநாடியை ஒட்டியும் வரும்.

இப்போது அந்த 17.5 விநாடியை எடுத்துப் பாருங்கள். பெரிய புயலலைகூட இல்லாத, மீன்பிடிக்கப் போகிறவர் "கடல் சும்மா கிடக்கு" என்று சொல்லும் ஒரு நாளில், உங்கள் மேடையின் ஹீவ் அலைவுக்காலத்திலேயே அலை வந்து தட்டிக்கொண்டிருக்கலாம். ஆழ்கடலில் 17 விநாடி அலையின் நீளம் 450 மீட்டர். அது வருவதே கண்ணுக்குத் தெரியாது. அலை உயரத்தை மட்டும் வைத்துக் கணக்கிட்டால் இந்த நாள் உங்கள் பட்டியலிலேயே வராது. அதனால் உயரத்தைப் போலவே காலத்தையும் திசையையும் சேர்த்து எடுங்கள். ஈஆர்ஏ5 என்ற ஐரோப்பிய மறுபகுப்பாய்வுத் தரவு இலவசம். 1940 முதல் மணிக்கொரு மதிப்பு தருகிறது, காற்றலையையும் தொலைவிலிருந்து வரும் பேரலையையும் தனித்தனியாகவே கொடுக்கிறது. இரண்டு உச்சி உள்ள நிறமாலையாக அமைக்க ஓச்சி-ஹப்பிள் வடிவம் இருக்கிறது.

திசையை ஏன் வற்புறுத்துகிறேன் என்றால், கச்சான் காலத்தில் ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக வரும் காற்று நம் பகுதியில் மேற்கிலிருந்து அடிக்கும். முப்பந்தலில் அத்தனை காற்றாலைகள் நிற்பது அந்தக் காற்றை நம்பித்தான். அது நம் கரையைத் தாண்டிக் கடலுக்குள் போகிறது. பேரலை தெற்கிலிருந்து வருகிறது. காற்றாலை மேற்கைப் பார்த்து நிற்கும், அலை அதைப் பக்கவாட்டில் தட்டும். முன்பின்னாக ஆடும்போது சுழலும் இறக்கைகளே காற்றில் ஒரு தணிப்பைக் கொடுக்கும். பக்கவாட்டில் அந்தத் தணிப்பு ஏறக்குறைய கிடையாது. காற்றும் அலையும் ஒரே திசை என்று வைத்து ஓட்டினால், மேடைக்குக் கிடைக்காத ஒரு தணிப்பை நீங்களே கொடுத்துவிடுகிறீர்கள். 90 பாகை விலக்கி ஒரு தடவையாவது ஓட்டுங்கள். நம் ஊர்க் கடலுக்கென்று நீங்கள் செய்யும் வேலையில் இதுவே மிகவும் பயனுள்ள பகுதியாக இருக்கும் என்று நினைக்கிறேன்.

ஆழத்தையும் கவனியுங்கள். கரைக்கு அருகில் 20 மீட்டர் ஆழத்தில் 16 விநாடி அலையின் நீளம் 400 மீட்டரிலிருந்து 210 மீட்டராகச் சுருங்கிவிடும். மென்பொருளில் ஆழத்தை முடிவிலி என்று விட்டுவைத்தால் விடை எங்கோ போய்விடும். அந்த ஆழத்தில் மிதவைக்கே அவசியம் இல்லை, தரையில் ஊன்றிவிடலாம். பொதுவாக 60 மீட்டருக்கு மேல் போனால்தான் மிதவை பேச்சே வரும்.

மெஷ் பற்றிக் கேட்டிருந்தீர்கள். நீங்கள் எடுத்துக்கொண்ட மிகச் சிறிய அலையின் நீளத்தில் எட்டில் ஒன்றுக்கு மேல் பேனல் பெரிதாக இருக்கக் கூடாது. 4 விநாடி அலைக்கு நீளம் 25 மீட்டர், எனவே 3 மீட்டர் பேனல். தூண் வட்டமாக இருப்பதால் அதைவிடச் சிறிதாகத்தான் வைக்க வேண்டிவரும். பேனலைப் பாதியாக்கி ஓட்டிப் பார்த்து விடை அசையவில்லை என்றால் போதும். மிக நீண்ட அலைக்கு ஹீவ் விடை சரியாக 1-க்கு வர வேண்டும், ஏனென்றால் அலையோடு சேர்ந்து மேடையும் ஏறி இறங்கும். 1 வரவில்லை என்றால் எடையோ மூழ்கிய கனஅளவோ தவறு. குறைந்த அலைவுக்காலப் பக்கத்தில் திடீரென்று ஊசிபோல ஒரு முனை தெரிந்தால் அது இயற்பியல் அல்ல, இந்த முறைக்கே உள்ள ஒரு கணிதக் குறை. நீர்மட்டத்தின் உட்புறத்தில் ஒரு மூடி மெஷ் போட்டால் போய்விடும்.

இதுவரை பேசியது ஒவ்வோர் அலைவுக்காலத்துக்கும் தனித்தனியாகப் போடும் கணக்கு. நங்கூரச் சங்கிலி, காற்றாலை, வர்க்க எதிர்ப்பு எல்லாம் சேர்ந்தால் விநாடி விநாடியாக ஓட்ட வேண்டும். மிதவை முன்பு எழுப்பிய அலை இன்னும் அதைச் சுற்றிக் கிடக்கும் என்பதால், அதன் கடந்த கால அசைவுகளையும் நினைவில் வைத்துக் கணக்கிடும் சமன்பாட்டைக் கம்மின்ஸ் 1962-இல் கொடுத்தார். காற்றாலைகளுக்கான இலவச மென்பொருளான ஓபன்ஃபாஸ்ட் அதைத்தான் செய்கிறது, பேனல் முறையின் விடைகளை உள்ளே வாங்கிக்கொள்ளும். தூண்களுக்கு மாரிசன் எதிர்ப்பை, அதாவது வேகத்தின் வர்க்கத்தில் வரும் நீர் எதிர்ப்பைச் சேர்த்தால் தணிப்பு தானாக வீச்சோடு மாறும். மாரிசன் சமன்பாடு 1950-இல் வந்தது, இன்றும் அதற்கு ஓய்வில்லை. அதில் போடும் எதிர்ப்புக் கெழுவை எங்கிருந்து எடுத்தீர்கள் என்பதைக் கட்டாயம் எழுதுங்கள்.

நங்கூரத்தில் கட்டியதும் புதிதாக ஒரு மெதுவான ஆட்டம் வரும். கடலில் 10 விநாடி அலையும் 11 விநாடி அலையும் சேர்ந்து வந்தால், அவை ஒன்றோடொன்று சேர்வதும் விலகுவதுமாக 110 விநாடிக்கு ஒருமுறை அலைக்கூட்டம் பெரிதாகும். டீப்சிவிண்ட் மேடை நங்கூரத்தில் முன்பின்னாக ஆடும் இயல்புக் காலமும் ஏறத்தாழ 110 விநாடிதான். அலையின் உயரத்துக்கு நேர்விகிதத்தில் வரும் விசை இந்தப் பக்கமே வராது. உயரத்தின் வர்க்கத்தில் வரும் சிறிய விசைதான் இங்கே மேடையைத் தள்ளுகிறது. விசை சிறிது, ஆனால் தணிப்பு அதைவிடச் சிறிது, எனவே ஆட்டம் பெரிது. உலகின் பல குழுக்கள் சேர்ந்து ஓசி5 திட்டத்தில் தங்கள் மென்பொருள்களைத் தொட்டிச் சோதனையோடு ஒப்பிட்டபோது, கணினிகள் சராசரியாக 20 சதவீதம் குறைத்தே சுமையைக் கணித்தன. கோளாறின் பெரும்பங்கு இந்த மெதுவான ஆட்டத்தில்தான் இருந்தது. இதற்கு நியூமன் 1974-இல் கொடுத்த குறுக்குவழி எல்லா மென்பொருளிலும் இருக்கும். ஆழமான நீருக்கு அது பரவாயில்லை. ஆழம் குறைந்த இடத்தில் விசையைக் குறைத்துக் காட்டும்.

இன்னொன்று: ஒரு மணி நேரக் கடலை ஓட்டினால் 10 விநாடி அலைகள் 360 கிடைக்கும், ஆனால் 110 விநாடி ஆட்டம் 33 தடவைதான் நடக்கும். அதிலிருந்து ஓர் உச்சத்தை எடுத்து "இதுதான் அதிகபட்சம்" என்று எழுத முடியாது. அலைகளின் கட்டத்தை மாற்றி மாற்றி ஆறு தடவையாவது ஓட்டுங்கள். ஓட்டத்துக்கு ஓட்டம் உச்சம் எவ்வளவு வேறுபடுகிறது என்பதே ஒரு விடைதான்.

கயிறு, சங்கிலி விஷயத்தில் உங்கள் ஊருக்குப் பக்கத்திலேயே ஓர் உதாரணம் இருக்கிறது. 2023 செப்டம்பரில் தூத்துக்குடித் துறைமுகத்திலிருந்து கூடங்குளம் அணுமின் நிலையத்துக்கு நீராவி உற்பத்திக் கலன்கள் இரண்டை ஏற்றிக்கொண்டு போன பார்ஜ், இழுவைக் கயிறு அறுந்து கரைக்கு அருகே பாறையில் தட்டி நின்றது. அங்கே என்ன நடந்தது என்று ஆராய்வது என் நோக்கமல்ல. இழுவைக் கயிறு பொதுவாக எப்படி அறுகிறது என்பதை மட்டும் பாருங்கள். இழுக்கும் படகும் பின்னால் வரும் பார்ஜும் ஒரே அலையில் ஒரே நேரத்தில் ஏறுவதில்லை. ஒன்று முன்னே பாயும்போது மற்றது பின்னே போகும். கயிறு ஒரு நொடி தொய்ந்து, அடுத்த நொடி விறைக்கும். விறைக்கும் அந்தக் கணத்தில் பார்ஜின் வேகம் முழுவதையும் கயிறு மட்டுமே தாங்க வேண்டும். சராசரி இழுவிசையைப் பார்த்துக் கயிறு தேர்ந்தெடுத்தால் இது தெரியவே தெரியாது. கயிற்றின் வடிவத்தை ஒவ்வொரு கணமும் சமநிலையில் இருப்பதாக எடுத்துக்கொள்ளும் எளிய மாதிரியிலும் தெரியாது. கயிற்றைச் சிறுசிறு துண்டுகளாக்கி, ஒவ்வொன்றுக்கும் எடையும் மீள்தன்மையும் நீர் எதிர்ப்பும் கொடுத்து ஓட்டும் மூர்டின் போன்ற மாதிரியில்தான் அந்த வெட்டு இழுப்பு தென்படும். நங்கூரச் சங்கிலிக்கும் இதே கதைதான். சங்கிலியின் இழுவிசை பூஜ்ஜியத்துக்கு இறங்கும் இடங்களை முதலில் தேடுங்கள். பெரிய உச்சம் அதற்கு அடுத்துதான் நிற்கும்.

கடைசியாக நீரோட்டம். உங்கள் ஊரில் கடலுக்குப் போகிறவர்களிடம் கேட்டால் எந்த மாதம் நீவாடு எந்தப் பக்கம் இழுக்கும் என்று சொல்லிவிடுவார்கள். குமரிமுனைக்குத் தெற்கே தென்மேற்குப் பருவத்தில் பெரிய நீரோட்டம் கிழக்கு நோக்கியும், வடகிழக்குப் பருவத்தில் மேற்கு நோக்கியும் திரும்புகிறது. எனவே ஒரே திசையை வைத்து ஆண்டு முழுவதும் ஓட்ட முடியாது.

கணக்கில் அதைச் சேர்க்கும் இடம் மாரிசன் எதிர்ப்பு. 10 மீட்டர் விட்டம், 20 மீட்டர் மூழ்கிய தூணில் விநாடிக்கு ஒரு மீட்டர் நீரோட்டம் அடித்தால், கெழு 1 என்று வைத்துக்கொண்டால், ஏறத்தாழ 10 டன் விசை. வேகம் பாதியானால் விசை கால்வாசி. நீரோட்டத்தையும் அலையையும் தனித்தனியாக ஓட்டி விசைகளைக் கூட்டிவிடாதீர்கள். இரண்டும் ஒரே திசையில் விநாடிக்கு ஒரு மீட்டர் என்றால், வேகத்தைக் கூட்டி வர்க்கம் எடுக்கும்போது 4 வரும், தனித்தனியாக வர்க்கம் எடுத்தால் 2தான் வரும். நீரோட்டம் மேடையைத் தள்ளிக் கொண்டுபோய் நிறுத்தும்போது சங்கிலி விறைத்து, முன்பின் ஆட்டத்தின் இயல்புக் காலமும் குறையும். நல்ல பக்கமும் ஒன்று உண்டு: ஓடும் நீரில் மெதுவான ஆட்டத்துக்குத் தணிப்பு கூடும்.

மென்பொருள் தானாகச் சொல்லாத ஒன்று, தூணின் பின்னால் மாறி மாறிக் கழலும் சுழிகள். அந்த 10 மீட்டர் தூணில், விநாடிக்கு ஒரு மீட்டர் நீரோட்டத்தில், சுழிகள் ஏறத்தாழ 50 விநாடிக்கு ஒருமுறை பக்கவாட்டில் தள்ளும். உங்கள் மேடை நங்கூரத்தில் பக்கவாட்டாக ஆடும் காலம் அதற்கு அருகில் இருந்தால் நீரோட்டத்துக்குக் குறுக்கே ஆடத் தொடங்கிவிடும். பேனல் முறையோ சாதாரண மாரிசனோ இதைக் காட்டாது. ஓபன்ஃபோம் போன்ற சிஎஃப்டி மென்பொருளில் ஓட்டத்தை முழுதாகத் தீர்த்தால் தெரியும். ஆனால் ஒரு மணி நேரக் கடலைச் சிஎஃப்டியில் ஓட்டக் கல்லூரிக் கணினி தாங்காது. அதை ஆட்டம் அடங்கும் சோதனை ஒன்றுக்கும், இந்தச் சுழிக்கும் மட்டும் பயன்படுத்துங்கள். அதில் கிடைக்கும் தணிப்பையும் கெழுவையும் எடுத்து ஓபன்ஃபாஸ்ட்டில் போடுங்கள்.

அறிக்கை எழுதும்போது ஹீவ் வரைபடத்தில் ஒரு கோடு போடாமல் மூன்று போடுங்கள்: நீங்கள் எடுத்துக்கொண்ட தணிப்பு, அதில் பாதி, அதில் இரண்டு மடங்கு. அதே அச்சில் கீழே, கச்சான் மாதம் ஒன்றின் நிறமாலையையும் கள்ளக்கடல் நாள் ஒன்றின் நிறமாலையையும் வரையுங்கள். மூன்று கோடுகளும் பிரிந்து நிற்கும் இடத்தில் கடலுக்கு ஆற்றல் இருக்கிறதா இல்லையா என்று பார்த்தவுடன் தெரிந்துவிடும். இல்லை என்றால் தணிப்பைப் பற்றி அதிகம் கவலைப்பட வேண்டாம். இருக்கிறது என்றால் அடித்தட்டின் அகலத்தை மாற்றிப் பாருங்கள். ஈஆர்ஏ5 கோப்பிலிருந்து காற்றலையையும் பேரலையையும் பிரித்தெடுப்பது முதலில் கொஞ்சம் குழப்பும். எந்த இடத்தின் அட்சரேகை, தீர்க்கரேகை எடுத்தீர்கள் என்று எழுதிக் கேளுங்கள், அந்தப் புள்ளிக்கு எப்படி எடுப்பது என்று சொல்கிறேன்.